சாய்ந்த செடியும் நிமிர்த்தும் கையும்



கடைக்காரன் ஒருவன் அரிசி விலையைப் பற்றியோ, சரக்கு வரத்தைப் பற்றியோ, வாடகை ஏற்றத்தைப் பற்றியோ எழுதினால் அதில் ஒரு நியாயம் உண்டு. பூந்தொட்டியில் நிற்கும் ஒரு கறிவேப்பிலைச் செடியைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவருக்கு வியாபாரம் படுத்துவிட்டதோ?" என்று நீங்கள் ஐயுறலாம். ஆண்டவன் கிருபையால் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் படித்ததெல்லாம் ஆறாண்டுத் தமிழ்ப் பள்ளியும் மாலை நேர மதரஸாவும்தான். தத்துவம் பேசும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும் அந்தச் செடி நம் முன்னே ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைத்தது. அதற்கு விடை தேடப் போய், நாம் நெடுநாளாகச் செய்துவந்த ஒரு தவறு நமக்கே தெரியவந்தது. அதே தவறு உங்களில் சிலருடைய கடையிலும் வீட்டிலும் இன்று நடந்துகொண்டிருக்கலாம். ஆகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கேள்வி இதுதான்: நம் பொறுப்பில் உள்ள ஒன்று கோணலாக வளருகிறது. அதை நிமிர்த்த வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நிமிர்த்துவது என்றால் என்ன? எது நேர், எது கோணல் என்பதை எந்த அளவுகோலால் அளப்பது?

நம் கடை பினாங்கு ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீடு ஒன்றில் இருக்கிறது. அந்த வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முகப்பு குறுகல், உள்ளே நீளம். இரு பக்கமும் அண்டைக் கடைகளோடு பொதுச் சுவர். அதில் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் முன்னால் ஐந்தடி நடைபாதைப் பக்கமிருந்து வரவேண்டும். இல்லையேல் நடுவில் இருக்கும் வானம் பார்த்த முற்றத்திலிருந்து வரவேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் நண்பகலிலும் விளக்குப் போட்டால்தான் சிட்டை எழுதலாம்.

2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எட்டு வெள்ளி கொடுத்து ஒரு சாண் உயரக் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை வாங்கிவந்தோம். கல்லாவுக்குப் பக்கத்தில், வாசலிலிருந்து ஐந்தாறு எட்டு உள்ளே தள்ளி வைத்தோம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் செடியின் நலம் அல்ல. வருவோர் கண்ணுக்குப் பசுமையாக இருக்கும், நாமும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் ஊற்றலாம் என்பதுதான் காரணம். சில மாதங்களில் கன்று இரண்டு சாண் ஆயிற்று. ஆனால் நேராக வளரவில்லை. ஊரிலிருந்து வரும் ஆளை எதிர்பார்த்து வாசலில் எட்டிப் பார்ப்பவரைப் போலத் தெருப்பக்கம் சாய்ந்து நின்றது. உள்பக்கம் இலையே இல்லை. ஒருநாள் பாரம் தாங்காமல் தொட்டியே கவிழ்ந்து, மண் முழுவதும் நம் கணக்குப் புத்தகத்தின் மேல் கொட்டியது.

நமக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பிரம்பை எடுத்துத் தொட்டியில் ஊன்றினோம். மூட்டை தைக்கும் சணலால் தண்டைப் பிரம்போடு சேர்த்து மூன்று இடத்தில் இறுகக் கட்டினோம். "இனி எப்படிச் சாய்கிறாய், பார்ப்போம்" என்று வாய்விட்டுச் சொல்லவும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த கடையாட்கள் சிரித்தார்கள்.

கட்டிய பகுதி நிமிர்ந்துதான் நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், மேல் கட்டுக்கு மேலே வந்த புதுத் தளிர் மறுபடியும் தெருப்பக்கம் திரும்பியிருந்தது. அதையும் இழுத்துக் கட்டினோம். அதற்குமேல் வந்ததும் திரும்பியது. இப்படியே சில மாதங்கள் நமக்கும் செடிக்கும் போட்டி நடந்தது. பிறகு ஒருநாள், சணல் தண்டின் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருப்பதைக் கண்டோம். பதறிப்போய்க் கட்டுகளை அவிழ்த்தோம். அவிழ்த்த மாத்திரத்தில் செடி முன்னைவிட மோசமாகத் தொங்கிவிட்டது. தன் பாரத்தைத் தானே தாங்கும் வலு அந்தத் தண்டுக்கு இல்லாமற் போயிருந்தது.

பக்கத்துக் கடையில் ஊதுவத்தி விற்கும் சீனத் தவுக்கே ஒருவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர். சில்லறை மாற்ற வந்தவர் செடியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், நம்மையும் பார்த்தார். "செடி கோணல் இல்லை. நீ வைத்த இடம்தான் கோணல்" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ணிக்கொண்டு போய்விட்டார். நாற்பது வயதில் ஒரு சொல்லால் நாம் வெட்கப்பட்டது உண்டென்றால் அது அன்றுதான்.

அன்றிரவு நம் மூத்த மகளிடம் இதைச் சொன்னோம். அவள் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் படிப்பவள். "அத்தா, இது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது" என்று புத்தகத்தைக் கொண்டுவந்து விளக்கினாள். நமக்குப் புரிந்த அளவில் அதைச் சொல்கிறோம்.

டார்வின் என்னும் ஆங்கிலேய அறிஞரும் அவர் மகன் பிரான்சிஸும் சேர்ந்து செடிகளின் அசைவைப் பற்றி 1880ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார்கள். புல்லின் இளம் முளைகளை ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் படும்படி வைத்து அவர்கள் சோதித்தார்கள். முளையின் நுனியை மூடி மறைத்தால் அது வளையவில்லை. நுனியை விட்டுவிட்டுக் கீழ்ப்பகுதியை மறைத்தால் வளைந்தது. அஃதாவது, வெளிச்சம் எங்கே என்று உணர்வது நுனி. வளைவது அதற்குக் கீழே உள்ள தண்டு. நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்குகிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது ஒரு வளர்ச்சிச் சத்து என்பதை 1920களின் பிற்பகுதியில் வென்ட் என்னும் டச்சுக்காரர் காட்டினார். அதற்கு இப்போது ஆக்சின் என்று பெயர்.

இதில் நம்மை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்வதால், வெளிச்சம்தான் அதைப் பிடித்து இழுக்கிறது என்று நாம் எண்ணியிருந்தோம். அப்படியல்லவாம். அந்தச் சத்து, இருட்டாக உள்ள பக்கத்தில் அதிகமாய்ச் சேருகிறது. அதனால் இருட்டுப் பக்கத்துத் தண்டு கூடுதலாக நீளுகிறது. வெளிச்சப் பக்கம் அவ்வளவு நீளுவதில்லை. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறைந்தால் தண்டு வளையத்தானே செய்யும்? ஆகவே செடியைச் சாய்ப்பது வெளிச்சப் பக்கத்தைக் காட்டிலும் இருட்டுப் பக்கம்தான். நாமோ சாய்ந்த திசையைப் பார்த்துக் கோபப்பட்டோமே தவிர, அதற்கு நேர் எதிரே இருந்த இருட்டை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இருட்டுப் பக்கத்தில்தான் நம் நாற்காலி கிடந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நமக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. 1989ஆம் ஆண்டு வாக்கில், நமக்கு ஒன்பது வயதிருக்கும், மாலையில் மதரஸாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நீண்ட கூடம், ஒரே ஒரு ஜன்னல். நமக்குக் கிடைத்த இடம் பின்சுவர் ஓரம். அந்தி சாயும் நேரத்தில் கிதாபில் எழுத்து தெரியாது. எனவே ஜன்னல் பக்கமாக உடம்பைச் சாய்த்து, கிதாபைத் தூக்கிப் பிடித்து ஓதுவோம். அப்போது ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்துக்கு அது பிடிக்கவில்லை. "நிமிர்ந்து உட்கார்" என்று பிரம்பால் முதுகில் ஒன்று வைப்பார். நிமிர்வோம், எழுத்து தெரியாது, ஓதுவது தப்பும், அதற்காக இன்னொன்று விழும். வெளிச்சத்துக்குப் போனாலும் அடி, போகாவிட்டாலும் அடி. மந்தம் என்று நமக்குப் பெயரும் வைத்தாயிற்று.

அவர் ஊர் திரும்பிய பிறகு வேறொரு ஹஜ்ரத் வந்தார். வந்த இரண்டாம் நாளே நாம் சாய்ந்திருப்பதைக் கண்டார். ஒன்றும் பேசவில்லை. நம்மை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, நம் இடத்தில் தாமே உட்கார்ந்தார். கிதாபை விரித்துப் பார்த்தார். தாமும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்! பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், அவரும் சிரித்தார். அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் வரிசை மாறும். பின்னால் இருப்பவர் முன்னால் வருவார், முன்னால் இருந்தவர் பின்னால் போவார். யாருக்கும் நிரந்தர இருட்டும் இல்லை, நிரந்தர ஜன்னலும் இல்லை. மூன்று மாதத்தில் நாம் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஓதலானோம். முதல் ஹஜ்ரத்தின் நோக்கமும் நல்ல நோக்கம்தான். இருவருமே நம்மை நிமிர்த்தத்தான் விரும்பினார்கள். ஒருவர் பிரம்பைப் பிடித்தார். மற்றவர் நம் இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

முதுகில் அந்தப் பிரம்பை வாங்கிய நாம், முப்பது ஆண்டு கழித்து ஒரு கன்றுக்கு அதே பிரம்பை ஊன்றியிருக்கிறோம். செடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விஷயம் அத்தோடு நிற்கவில்லை.

அதே 2021ஆம் ஆண்டில் நம் தமக்கையின் மகன் நம் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பத்தொன்பது வயது. தகப்பனில்லாத பிள்ளை. "தம்பி, உன் கையில் ஒப்படைக்கிறேன், மனுஷனாக்கிவிடு" என்று ராத்தா கண்கலங்கிச் சொன்னார்கள். நாமும் அவனை மனுஷனாக்கும் வேலையைத் தொடங்கினோம். கடையின் நடுப்பகுதியில், விளக்கு வெளிச்சத்தில், மல்லி, மிளகாய், சீரகம் இவற்றை நிறுத்துப் பொட்டலம் கட்டும் வேலையில் உட்காரவைத்தோம். நாமும் அப்படித்தானே தொடங்கினோம் என்பது நம் எண்ணம்.

பையன் வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் ஓய்வு கிடைத்த போதெல்லாம் இரண்டு கடை தள்ளியிருந்த கைத்தொலைபேசி பழுது பார்க்கும் கடையில் போய் நிற்பான். தேநீர் குடிக்கப் போனால் அங்கே. தொழுதுவிட்டு வந்தால் அங்கே. நமக்கு அது அவமானமாகப்பட்டது. "நம் கடையில் உண்டு, அடுத்தவன் கடையில் நிற்கிறானே" என்று எண்ணினோம். கண்டித்தோம். வார விடுமுறையை நிறுத்தினோம். அந்தக் கடைக்காரரிடம் சொல்லிப் பையனை உள்ளே விடாதபடி செய்தோம். ராத்தாவிடமும் குறை சொன்னோம். பையன் அடங்கினான். சொன்ன நேரத்துக்கு வந்தான், சொன்னதைச் செய்தான், சொல்லாத எதையும் செய்யவில்லை. பேச்சும் குறைந்தது. "நிமிர்ந்துவிட்டான்" என்று நம் வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னோம்.

பிறகு ஒரு கல்யாணத்துக்காக நாம் நான்கு நாள் ஈப்போவுக்குப் போகவேண்டி வந்தது. திரும்பி வந்தால், நான்கு நாளும் மாலை ஆறு மணிக்கே நம் கடை சாத்தப்பட்டிருக்கிறது. பையன் இரவு பத்து மணிவரை அந்தப் பழுது பார்க்கும் கடையில் இருந்திருக்கிறான். கட்டு அவிழ்ந்ததும் செடி தொங்கியது போலத்தான். வழக்கமாக நாம் என்ன செய்திருப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தவுக்கேயின் சொல் காதில் விழுந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "தம்பி, அங்கே உனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டோம். அவன் நம் கடைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதை நாம் கேட்டது அதுவே முதல் தடவை.

அவன் சொன்னான்: "மாமா, அங்கே செத்துப்போன பொருள் ஒன்று வருகிறது. நான் கை வைத்ததும் உயிர் வருகிறது. கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார். இங்கே நான் கட்டிய பொட்டலம் எது, மற்றவர் கட்டியது எது என்று உங்களுக்கே தெரியாதே."

நாம் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவன் உட்காரும் இடத்தில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். சுவரும் மூட்டையும் நம் முதுகும் தவிர அங்கிருந்து வேறொன்றும் தெரியவில்லை.

இவ்விடத்தில் சகோதரர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: "அப்படியானால் எவன் கோணலாக நடந்தாலும் முதலாளிதான் குற்றவாளியா? கல்லாவில் கை வைத்தவனிடமும், 'உனக்கு வெளிச்சம் போதவில்லையா, தம்பி?' என்று கேட்பதா?" நியாயமான கேள்வி. அதற்கும் செடியிலேயே விடை இருக்கிறது. சாய்ந்த செடியெல்லாம் வெளிச்சம் தேடிச் சாய்ந்ததல்ல. தண்டின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். மண்ணோடு உறுதியாய் நின்றால் அது வெளிச்சம் தேடிய சாய்வு. மண்ணில் பிடிப்பே இல்லாமல் ஆடினால் கோளாறு வேரில். தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கலாம். அதற்கு ஜன்னலோரமும் உதவாது, பிரம்பும் உதவாது. தொட்டியைக் கவிழ்த்து, அழுகியதை வெட்டி, புது மண் போடவேண்டும். நாணயம் கெட்டவனுடைய விஷயமும் இப்படித்தான். அதைச் சாய்வு என்று சொல்லி மூடி மறைப்பது அவனுக்கும் நன்மையல்ல.

தவிரவும், மனிதன் செடியல்லன். வெளிச்சத்தை வேண்டாம் என்று சொல்லச் செடியால் முடியாது. மனிதனால் முடியும், அதனால்தான் அவனுக்குக் கேள்வி கணக்கு இருக்கிறது. நான்கு நாளும் கடையை நேரத்துக்கு முன் சாத்தியது அவன் செய்த தவறுதான். அதை அவனிடம் சொன்னோம், ஒப்புக்கொண்டான். ஆனால் வியாபாரிகளாகிய நமக்கு ஒன்று தெரியும். பிறன் தரவேண்டிய பாக்கியை எழுதுவதால் நாம் தரவேண்டிய பாக்கி அழிந்துவிடாது. இரண்டும் தனித்தனிப் பக்கம். அவன் தவறு அவன் பக்கத்தில் இருக்கட்டும். எட்டு மாதம் ஒரு வார்த்தை கேட்காமல் இருட்டில் உட்காரவைத்தது நம் பக்கத்தில் எழுதப்படவேண்டியது.

நிற்க. செடியை நிமிர்த்தும் வழியை நாம் பிறகுதான் ஒழுங்காகக் கற்றோம். உங்கள் வீட்டிலும் சாய்ந்த செடி இருக்கலாம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது, இடத்தை மாற்றவேண்டும். வாசலிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ சில எட்டுகள் உள்ளே போனாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். நம் கண் அதற்குப் பழகிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, செடிக்குத் தெரிகிறது. ஆனால் நிழலில் இருந்ததை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று இரண்டொரு வாரத்தில் பழக்கவேண்டும். இரண்டாவது, வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பவேண்டும். நான்கு வாரத்தில் நான்கு பக்கமும் வெளிச்சம் பார்த்துவிடும். மூன்றாவது, ஊன்றுகோல் வேண்டுமானால் கொடுக்கலாம். ஆனால் சணல் ஆகாது. பழைய துணியைக் கிழித்து, தண்டைச் சுற்றி ஒரு வளையமும் கோலைச் சுற்றி ஒரு வளையமுமாக, தண்டு கொஞ்சம் ஆடும்படி தளர்த்திக் கட்டவேண்டும்.

ஆட இடம் விடுவது எதற்கு? காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கிறது. ஜாஃபி என்பவர் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், செடிகளின் தண்டை நாள்தோறும் தடவிவிட்டால் அவை உயரத்தில் குறைந்து பருமனில் கூடுகின்றன என்று காட்டினார். அசைய விடாமல் இறுகக் கட்டிய தண்டு நெட்டையாக வளரும், மெலிந்தே இருக்கும். கோலை எடுத்த அன்று விழும். ஆகவே ஊன்றுகோல் கொடுக்கும்போதே அதை எடுக்கும் நாளையும் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். எடுக்கவே எண்ணமில்லாத கோல் செடிக்காக ஊன்றிய கோலல்ல. கட்டியவனின் அதிகாரத்துக்காக ஊன்றியது.

இன்னொன்றும் உண்டு. பச்சைத் தண்டு திருந்தும். மரமாகிவிட்ட தண்டின் வளைவு போகாது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பார்கள். நிமிர்வதும் அப்படியே. நம் செடியின் அடித்தண்டு இன்றைக்கும் வளைந்துதான் இருக்கிறது. அதை உடைத்து நேராக்க முயன்றால் செடியே செத்துவிடும். அதற்குமேல் வருவது நேராக வந்தால் போதும். பிள்ளைகளிடத்திலும் ஆட்களிடத்திலும் பழைய வளைவைத் தினந்தோறும் சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைச் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும்.

பையனை முன்பக்கம் கொண்டுவந்தோம். ஒரேயடியாக முழு நாளும் நிறுத்தியதில் முதல் வாரமே ஒரு வாடிக்கையாளரோடு வாக்குவாதமாகிவிட்டது. இலை கருகிய கதைதான். பிறகு அரை நாள் முன்னால், அரை நாள் பின்னால் என்று மாற்றினோம். அவன் கட்டும் பொட்டலத்தில் அவனுடைய அடையாளம் இட்டுக்கொள்ளச் சொன்னோம். வாரத்தில் இரண்டு மாலை பழுது பார்க்கும் வேலை கற்கவும் அனுமதித்தோம். முகம் தெளிந்தது. சொல்லாத வேலையையும் செய்யத் தொடங்கினான். "மல்லி புதுசு, நேற்றுத்தான் வந்தது" என்று அவன் வாடிக்கையாளரிடம் பேசும் குரலைக் கேட்டு நாமே கல்லாவிலிருந்து திரும்பிப் பார்த்ததுண்டு. நாம் செய்தது பலித்துவிட்டது, இனி இவன் நம் கடைக்கு ஒரு தூண் என்று மகிழ்ந்தோம்.

ஓராண்டு கழித்து, 2022ஆம் ஆண்டின் இறுதியில், அவன் வந்து நம் முன்னே நின்றான். "மாமா, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு சின்ன இடம் கிடைக்கிறது. சொந்தமாகப் பழுது பார்க்கும் கடை வைக்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் துஆ வேண்டும்" என்றான்.

மறைக்காமல் சொல்கிறோம்: நமக்கு நெஞ்சு எரிந்தது. இடத்தை மாற்றினோம், வெளிச்சம் கொடுத்தோம், கட்டைத் தளர்த்தினோம். இத்தனைக்கும் பிறகு அந்தப் பக்கம்தானே சாய்கிறான்? அன்றிரவு நமக்குத் தூக்கமில்லை.

கடையில் கடைசி நாள் அவன் கணக்கை ஒப்படைத்தான். எல்லாம் சரியாக இருந்தது. கூடவே ஓர் உறையையும் கொடுத்தான். உள்ளே நாற்பத்தாறு வெள்ளி. ஒரு சீட்டில் தேதியும் விவரமும் எழுதியிருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் அவசரத்தில் மிகுதிப் பணத்தை வாங்காமல் போய்விட்டாராம். மறுபடி வருவார் என்று நான்கு மாதமாக வைத்திருந்திருக்கிறான். "அவர் வந்தால் கொடுத்துவிடுங்கள், மாமா" என்றான். அந்தப் பணத்தைப் பற்றி நமக்குத் தெரியாது. அவன் சொல்லாவிட்டால் நாம் ஒருக்காலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் நம் கேள்விக்கு விடை கிடைத்தது. இந்தப் பையன் நிமிர்ந்துதான் நிற்கிறான். நம்மைப் பார்த்து நிற்கவில்லை, அவ்வளவுதான். நிமிர்வது வேறு, நம் பக்கம் திரும்புவது வேறு. நாம் இத்தனை காலம் இரண்டையும் ஒன்றென்று எண்ணியிருக்கிறோம்.

இதற்கும் மகளின் பாடத்தில் ஓர் ஆதாரம் இருந்தது. இங்கிலாந்தில் நைட் என்பவர் 1806ஆம் ஆண்டு அவரை விதைகளை நீரால் சுழலும் சக்கரத்தில் கட்டி முளைக்கவிட்டார். வேகமாய்ச் சுழலும் சக்கரம் எதையும் வெளிப்பக்கம் தள்ளுமல்லவா? வேர்கள் அந்தத் தள்ளுதலின் வழியே வெளிப்பக்கம் போயின; முளைகள் அதற்கு எதிரே சக்கரத்தின் நடுவை நோக்கி வளர்ந்தன. அஃதாவது, தன்னை இழுக்கும் விசைக்கு எதிராக எழுவதே தண்டின் சுபாவம். தரையில் இருக்கும் செடியை இழுப்பது பூமி. எனவே அது மேல்நோக்கி எழுகிறது. அந்த 'மேலே' என்பதைத் தோட்டக்காரன் செடிக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் கிடைத்தால் அது தானே எழும். நாம் செய்யவேண்டியது, ஒருபக்கமாய் இருக்கும் குறையை நீக்குவதுதான். செடி எங்கே நோக்கி எழவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேலை நம்முடையதல்ல.

இந்த உரைகல்லில் நம்மையும் உரசிப் பார்ப்பது நியாயம். நாம் மட்டும் நேரா? மொத்தமாகச் சரக்கு எடுக்கும் உணவகக்காரர் வந்தால் நாற்காலி போடுகிறோம், தேநீர் வரவழைக்கிறோம். ஐம்பது காசுக்கு மஞ்சள் தூள் கேட்டு வந்த கிழவியைக் கால் கடுக்க நிற்கவைக்கிறோம். இலாபம் வரும் பக்கம் நாமும் சாய்ந்து சாய்ந்து, மறுபக்கம் இலையே இல்லாமல் நிற்கிறோம். நம்மைத் திருப்பிவைக்க முதலாளி யாரும் இல்லை. நம் தொட்டியை நாமே திருப்பிக்கொள்ளவேண்டியதுதான். சில காலமாக, வாரத்தில் ஒருநாள் கல்லாவை விட்டு எழுந்து, சில்லறை வாங்க வருவோரை நாமே கவனிப்பதென்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் முடிகிறது என்று சொல்லமாட்டோம்.

மருமகன் புக்கிட் மெர்தாஜாமில் நன்றாக இருக்கிறான். ராத்தாவுக்கு மாதந்தோறும் பணம் கொடுக்கிறான். நமக்கு நட்டம்தான். நோன்பு மாத நெருக்கடியில் அவனைப்போல் கைவேகமுள்ள ஆள் இன்றுவரை அமையவில்லை. அந்த நட்டத்தை எண்ணும்போது மனம் சில சமயம் பழையபடி முறுக்கிக்கொள்ளும். பெருநாளன்று அவன் வந்து "மாமா" என்று கட்டித் தழுவும்போது தளர்ந்துவிடும்.

செடி இப்போது முற்றத்தோரம் இருக்கிறது. ஆள் உயரம் ஆகிவிட்டது. பிரம்பை எடுத்து வெகுகாலம் ஆயிற்று. வாடிக்கையாளர்கள் கேட்டு இரண்டு கொத்துப் பறித்துக்கொண்டு போகிறார்கள். சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைக் கால் வட்டம் திருப்பி வைக்கிறோம். புதிதாய் வந்த கடைப் பையன், "எதற்கு மாமா இப்படிச் செய்கிறீர்கள்?" என்று போன வாரம் கேட்டான். பதில் சொல்வதற்கு முன், அவன் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

வஸ்ஸலாம்.